வெளுத்த படம்

சிஷ்யருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. குருவுக்கு நாற்பதுதான் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் மையத்தின் பின்னறையில், புதன்கிழமை பிற்பகல்களில், அவர்களுடைய பாடம் நடந்தது.

சிஷ்யர் டாக்டர் அருமைநாயகம். எலும்பு மூட்டு அறுவை மருத்துவர். விளையாட்டில் முழங்கால் ஜவ்வு கிழிந்த பிள்ளைகள் அந்த வட்டாரத்தில் அவரிடம்தான் வருவார்கள். குரு டாக்டர் ஜைத்தூன். எம்.ஆர்.ஐ. படங்களைப் படித்துச் சொல்கிறவர்.

பாடம் தொடங்கியது ஒரு கேள்வியில். ஒருநாள் அருமைநாயகம் ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நான் பாத்தா கறுப்பும் வெள்ளையும்தான் தெரியுது. உங்களுக்கு என்னம்மா தெரியுது?"

"எனக்கும் அதுதான் சார் தெரியுது," என்றார் ஜைத்தூன். "உக்காருங்க."

உட்கார்ந்தார். அடுத்த புதனும் வந்து உட்கார்ந்தார். புதன்கிழமை அவருக்கு அறுவை கிடையாது. மனைவி போன பிறகு அந்தப் பிற்பகல் மிகவும் நீண்டுவிட்டிருந்தது. அடக்கம் முடிந்த மறுநாளே அறுவை அரங்குக்கு வந்தவர் அவர். கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. உறுதியான மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள்.

முதலில் வயதை வைத்துத்தான் குருவை "ம்மா" என்று அழைத்தார். பிறகு அதே சொல் மரியாதையாக மாறியது. எப்போது மாறியது என்று இருவருக்கும் தெரியாது.

ஜைத்தூனிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு அவர் முதலில் இரண்டு வார்த்தைகள்தான் தருவார். கறுப்பு, வெள்ளை. கிழிசல், வீக்கம், முறிவு என்ற எந்தச் சொல்லையும் அவர்கள் வாயில் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு வார்த்தையாகப் பிறகு அவரே தருவார்.

"எத்தனை ஜவ்வு கட்டியிருக்கேன் தெரியுமாம்மா? எனக்குமா?"

"கட்டினவங்களுக்குத்தான் ரொம்ப அவசியம் சார்."

அவர் சிரித்தார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

அந்த அறையில் ஜன்னல் திரையை யாரும் விலக்குவதில்லை. வெளியே வெயில் எரித்துக்கொண்டிருக்கும். உள்ளே திரையின் சாம்பல் வெளிச்சத்தில் ஒரு முழங்கால் மெல்ல மெல்ல விரியும். சுவருக்கு அப்பால் ஸ்கேன் இயந்திரம் பறை போலக் கொட்டிக்கொண்டிருக்கும்.

"அந்த மெஷின் என்னதாம்மா பாக்குது?" என்று ஒரு புதன்கிழமை கேட்டார்.

ஜைத்தூன் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று வரவேண்டிய நோயாளி ஒருவர் வரவில்லை. டெக்னீஷியன் சுடலைமுத்துவை அனுப்பி முன்னாலிருந்த வண்டியில் ஓர் இளநீர் வாங்கிவரச் சொன்னார். அதை மேடையில் வைத்து உள்ளே அனுப்பச் சொன்னார்.

"பேரு என்னன்னு போட மேடம்?" என்றான் சுடலைமுத்து.

"இளநீர்னு போடுங்க."

"வயசு?"

"பறிச்சவன்ட்ட கேளுங்க."

இயந்திரம் கொட்டியது. திரையில் ஓர் உருண்டை எழுந்தது. நடுவே பௌர்ணமி போல வெள்ளை. அதைச் சுற்றி வழுக்கையின் மங்கலான ஒரு வளையம். அதற்கும் வெளியே ஒன்றுமே இல்லாதது போல ஒரு கறுப்பு வளையம்.

அருமைநாயகம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"வெள்ளை எது சார்?"

"தண்ணி."

"இந்த மெஷின் எதையும் பாக்கறதில்ல. உள்ள இருக்கற தண்ணியக் கூப்பிடுது. தண்ணி பதில் சொன்னா வெள்ளை. பதில் வரலைன்னா கறுப்பு."

"அப்ப இந்தக் கறுப்பு?"

"ஓடு."

"அதுல தண்ணி இல்லையா?"

"இருக்கலாம். இறுகிப்போயி, அசையாம, பதில் சொல்ல முடியாம இருக்கலாம். கறுப்புன்னா பதில் வரலைன்னுதான் அர்த்தம். ஏன் வரலைன்னு அது சொல்லாது."

சுடலைமுத்து எட்டிப் பார்த்தான். "ரிப்போர்ட் என்ன மேடம்?"

"நார்மல். குடிச்சிரு."

அவன் இளநீரோடு போனான். அருமைநாயகம் மட்டும் திரையை விட்டு எழவில்லை. இந்த அறையைத் தாண்டி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிற அத்தனை பேருக்குள்ளும், கூப்பிட்டால் பதில் சொல்கிற தண்ணீர் இருக்கிறது. இத்தனை வருடம் உடம்பைத் திறந்து பார்த்தவருக்கு அது அன்றுதான் தோன்றியது.

அவருடைய மருத்துவமனை அறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. இசக்கியம்மாள் என்ற பெண்ணின் முழங்கால். மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்திலிருந்து வந்த கபடிக்காரி. எதிராளிக் களத்துக்குள் பாடிப் போய், தொட்டுவிட்டுத் திரும்புவதில் அவளை மாவட்டத்தில் யாரும் மிஞ்ச முடியாது. ஒரு போட்டியில் திரும்பும்போது கால் ஊன்றிய இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் சுழன்றது. ஜவ்வு போனது.

அருமைநாயகம் அவளுடைய தொடையின் பின்புறமிருந்து ஒரு தசைநாரை உருவினார். அதை மடித்துத் தைத்தார். எலும்பில் துளை போட்டு, போன ஜவ்வின் இடத்தில் இழுத்துக் கட்டினார். சில வாரத்தில் மூட்டு வீங்கியதால் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. படத்தில் புது ஜவ்வு மையில் கோடு இழுத்தது போல இருந்தது. நேராக, கறுப்பாக, ஒரு பிசிறு இல்லாமல்.

அதைத்தான் மாட்டி வைத்திருந்தார். வருகிறவர்களிடம் காட்டுவார். "ஜவ்வு கட்டினா இப்படி இருக்கணும்."

மாசி பிறந்தபோது ஒரு புதன்கிழமை அவர் வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்தார். கையில் ஒரு பெரிய உறை இருந்தது. முகம் சரியில்லை. பின்னால் வந்த இசக்கி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னிக்குப் பாடம் வேண்டாம்மா," என்றார். "இதப் பாருங்க. மாநில டீமுக்கு ஆள் எடுக்கறாங்களாம். கோச் வெளியூர்ல ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காரு. கிழிஞ்சிருக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நானும் பாத்தேன். வெள்ளிக்கிழமை திரும்பத் தொறக்கறேன். தியேட்டர் சொல்லியாச்சு."

"தொறந்தா?"

"பழச எடுத்துட்டு மறுகால்லருந்து உருவிக் கட்டணும். நடப்பா. வீட்டு வேலை பாப்பா." நிறுத்தினார். "கபடி முடிஞ்சுது."

ஜைத்தூன் படத்தை வாங்கி, சுவரிலிருந்த வெளிச்சப் பெட்டியில் செருகினார். விளக்கு எரிந்தது.

"என்ன தெரியுது சார்?"

"கிழிஞ்சிருக்கு."

"அந்த வார்த்தைய நான் இன்னும் உங்களுக்குத் தரலையே."

அருமைநாயகத்துக்குக் கோபம் வந்தது. "அம்மா, இது என் பேஷண்ட். நான் கட்டின ஜவ்வு. எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"என்ன தெரியுது சார்?"

அருமைநாயகம் படத்துக்குத் திரும்பினார்.

"வெள்ளை," என்றார் கடைசியில். "வெளுத்துப் போச்சு. உப்பியிருக்கு. அன்னிக்குக் கோடு மாதிரி இருந்துச்சு. இன்னிக்குப் பஞ்சு மாதிரி இருக்கு."

"எல்லா இடத்துலயும் ஒரே வெள்ளையா?"

"ஆமா."

ஜைத்தூன் தன் பேனாவை மூடியோடு அவர் கையில் கொடுத்தார். "கீழ எலும்புலருந்து ஆரம்பிங்க. படத்தத் தொடாம, மேல வச்சே போங்க. வெள்ளைய விட்டுருங்க. கறுப்பு எங்கயாவது இருந்தா அது பின்னாலயே போங்க."

அவர் முகத்தைப் படத்துக்கு அருகில் கொண்டுபோனார். பேனா நுனி துளையின் வாயில் நின்றது. கொஞ்சம் மேலே நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. வெள்ளைக்குள் மயிரிழை போல ஒன்று ஓடியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. மழையில் ஈரமான மண்ணுக்குள் வேர் தெரிவது போல. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். எங்கேயும் அறுபடவில்லை. மேல் எலும்பின் துளைக்குள் அது போய் மறைந்தது.

அடுத்ததைப் பிடித்தார். அதுவும் போய்ச் சேர்ந்தது.

"இருக்கு," என்றார். குரல் மாறியிருந்தது. "அம்மா, எல்லாம் இருக்கு."

"இருக்கு."

"அப்ப இந்த வெள்ளை என்ன?"

ஜைத்தூன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"நீங்க உருவி எடுத்தப்ப அந்த நாருக்கு ரத்தம் எங்கருந்து வந்துச்சு?"

"வரல. வெட்டியாச்சே. வராது."

"ரத்தம் வராத ஒண்ணு என்ன ஆகும்?"

படித்ததுதான். தேர்வில் எழுதியதுதான். பிறகு கட்டுகிற வேலையில் மறந்துபோனது.

"நீங்க கட்டினது ஒரு கயிறு சார். நல்ல கயிறு. நல்லாவே கட்டியிருந்தீங்க. ஆனா உள்ள இருந்த உயிரெல்லாம் கொஞ்ச நாள்லயே போயிருச்சு. உங்க ரூம்ல மாட்டி வச்சிருக்கீங்களே, அந்தப் படம், அது எடுத்தப்ப உள்ள யாரும் இல்ல. அதான் அவ்வளவு கறுப்பு. அவ்வளவு சுத்தம்."

வெளியே யாரோ பெயர் கூப்பிட்டார்கள். செருப்புச் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"இப்ப?" என்றார் அருமைநாயகம், மிக மெதுவாக.

"இப்ப ஆள் வந்தாச்சு. மூட்டோட ஈரச் சவ்வு கயித்து மேல படர்ந்திருக்கு. அதுலருந்து ரத்தக் குழாய் பொடிப்பொடியா உள்ள எறங்கியிருக்கு. அது பின்னால புது உயிரணு. கூப்பிட்டா பதில் சொல்லுது. அதான் வெள்ளை."

"யாரும்மா வந்தது?"

"அவதான்."

அருமைநாயகம் படத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே பெஞ்சில் இசக்கி கைப்பேசியில் எதையோ பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கே தெரியாமல், அவள் அந்தச் செத்த கயிற்றுக்குள் இழை இழையாக நுழைந்து குடியேறிக்கொண்டிருந்தாள்.

"இதைத் தொறக்கப் பாத்தேனே," என்றார்.

ஜைத்தூன் அவர் கையைப் பார்த்தார். "உங்க கை என்ன சொல்லிச்சு சார்?" என்று கேட்டார்.

"கையா?"

"படத்தப் பாத்த அப்புறம் அவ முட்டியப் பிடிச்சுப் பாத்தீங்களா?"

அவர் தலை குனிந்தது. எந்த முழங்காலையும் பிடித்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் என்று பெயரெடுத்தவர். படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

இசக்கியை உள்ளே கூப்பிட்டார்கள். பரிசோதனைக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். அருமைநாயகம் ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறுகையால் முழங்காலுக்குக் கீழே பற்றி மெல்ல முன்னால் இழுத்தார். எலும்பு இம்மியளவு வந்தது. டக்கென்று நின்றது. மறுபடி இழுத்தார். அதே இடத்தில் நின்றது.

"நிக்குது," என்றார்.

"நிக்காம? இதத்தான் அன்னைக்கே பிடிச்சுப் பாப்பீயன்னு நெனச்சேன்," என்றாள் இசக்கி. "நீங்க என் காலப் பாக்கல டாக்டர். அட்டையத்தான் பாத்தீய. பாத்துட்டு, போச்சு போச்சுன்னீய. எங்கம்மா அன்னைலருந்து சோறு திங்கல."

"என் தப்புதான் தாயி."

"அப்ப வெள்ளிக்கிழமை வெட்டு இல்லையா?"

"இல்ல."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்கள் மின்னின. "அப்ப நான் ஆடலாம்!"

அருமைநாயகத்துக்கும் அந்த நொடியில் ஆம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஜைத்தூனைப் பார்த்தார்.

"கூடாது," என்றார் ஜைத்தூன்.

"ஏன் டாக்டரம்மா? வெட்டு இல்லன்னா கிழியலன்னுதான அர்த்தம்?"

"கிழியல. கட்டினப்ப இருந்த பலம் இப்ப அதுக்கு இல்ல."

"எனக்கு வலியே இல்லியே. ஓடுதேன். குதிக்கேன். முன்னைவிட நல்லாருக்கு."

"உனக்கு நல்லாருக்கு. அதுக்கு இன்னும் ஆகல." ஜைத்தூன் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு வெளிச்சப் பெட்டியின் முன் நிறுத்தினார். "உங்கப்பா என்ன வேலை பாக்காரு?"

"கொத்தனாரு."

"பழைய சுவரை ஒரேயடியா இடிக்காம, கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் புதுசு கட்டியிருக்காரா?"

"கட்டுவாரு. கோயில் சுவரு அப்படித்தான் கட்டினாரு."

"பாதி எடுத்து பாதி கட்டியிருக்கப்ப, அதுமேல சாய விடுவாரா?"

சுவர் இசக்கிக்குத் தெரியும். சிமெண்டு பூசாத ஈரச் செங்கல்லை அப்பாவோடு நின்று பார்த்திருக்கிறாள்.

"எவ்வளவு நாளு?"

"அது மறுபடி கறுக்கணும். வருஷம் திரும்பிரும். கூடவும் ஆகலாம்."

"அடுத்த மாசம் செலக்‌ஷன் டாக்டரம்மா. அடுத்த வருஷம் ஜூனியருக்கு வயசு தாண்டிரும். அதுக்கு உங்க மெஷின் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லாது," என்றார் ஜைத்தூன். "அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லம்மா."

இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சண்டைக்கு வேறு எதுவும் கிடைக்காதவள் போலக் கேட்டாள்.

"அப்ப தொடைக்குப் பின்னால உருவினீயளே, அந்த நாராவது இருந்திருக்கலாம். அதுவும் போச்சு. இதுவும் வேல செய்யல."

ஜைத்தூன் உறையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்தார். இது முழங்காலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போன்ற படம். மரத்தை அறுத்தால் வளையம் தெரிவது போல.

"இது இசக்கியோட முட்டிக்குப் பின்பக்கம். சார், நீங்க உருவின நார் எங்க இருக்கும்?"

அருமைநாயகம் பேனா நுனியை வைத்தார். "இங்க. இப்ப இருக்காது. ஒரு எடத்துல எடுத்துத்தான் இன்னொரு எடத்துல கட்ட முடியும். எல்லார்ட்டயும் சொல்லிருவேன். அது போனது போனதுதான், அது இல்லாம வாழப் பழகிக்கணும்னு."

"அந்த எடத்துல என்ன தெரியுது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அங்கே ஒரு புள்ளி இருந்தது. சிறியது, ஓரம் கலங்கியது. கறுப்பு. அதே அட்டையில் கீழிருந்த அடுத்த வெட்டிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் சிறியதாக இருந்தது.

"நான் இத முழுசா உருவிட்டேன்," என்றார். "என் கையாலயே. தட்டுல வச்சு அளந்தேன்."

"ஆமா."

"இது எங்கருந்து வந்துச்சு?"

"வளந்துட்டு வருது. மேலருந்து கீழ. பழைய பாதையிலயே. எல்லாருக்கும் வராது. நிறையப் பேருக்கு வரும். பல்லிக்கு வால் வர்ற மாதிரி."

"எடுத்தது திரும்ப வளருதா?"

"படிச்சிருப்பீங்களே சார்."

"படிச்சிருப்பேன்," என்றார் அருமைநாயகம். "பாத்ததில்ல. முன்பக்கம்தான் பாப்பேன். கட்டினத மட்டுந்தான் பாப்பேன். எடுத்த எடத்தப் பாத்ததே இல்ல."

இசக்கி தன் முழங்காலுக்குப் பின்னால் கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். ஏதோ ஒரு குழந்தை அசைகிறதா என்று பார்ப்பவள் போல இருந்தது.

போகும்போது அவள் படங்களைக் கையில் எடுக்கவில்லை. "நீங்களே வச்சிக்கிடுங்க," என்றாள். அழுதிருந்தாள்.

அருமைநாயகம் வெள்ளைப் படத்தைப் பெட்டியிலிருந்து உருவினார்.

"இதக் கிழிச்சுப் போட்டுரட்டுமா? யாராவது பாத்தா என் வேலை கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க."

ஜைத்தூன் கையை நீட்டி வாங்கினார். தன் மேசையின் அடியிலிருந்த அலமாரியில் வைத்து மூடினார்.

செலக்‌ஷன் நடந்த அன்று இசக்கி மைதானத்துக்குப் போனாள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தாள். அவள் இடத்தில் களக்காட்டுப் பெண் ஒருத்தி தேர்வானாள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி அருமைநாயகத்தின் அறைக்கு வந்து, "ஆடல. போதுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருடத்தில் குரு அவருக்கு ஒவ்வொரு வார்த்தையாகக் கொடுத்தார். வீக்கம் கொடுத்தார். தேய்வு கொடுத்தார். கிழிசலைக் கடைசியில்தான் கொடுத்தார். வாங்கிக்கொண்டபோது அவருக்கு அதைப் பயன்படுத்தும் அவசரம் போயிருந்தது.

மாசி போய் இன்னொரு மாசி வந்தது. இசக்கி தசைக்குப் பயிற்சி செய்தாள், படி ஏறினாள், மணலில் நடந்தாள். ஆடவில்லை. சித்திரையும் கழிந்தபோது பெரியவர்கள் அணிக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஜைத்தூனின் இயந்திரத்திலேயே ஸ்கேன் எடுத்தார்கள்.

"உள்ள ஒரே கொட்டு மேளமா இருக்கு," என்றபடி வெளியே வந்தாள் இசக்கி. "கோயில் கொடை விழாவுல படுத்த மாதிரி. தூங்கிட்டேன்."

படம் வந்தது. அருமைநாயகம் அதை வெளிச்சப் பெட்டியின் வலது ஓரத்தில் செருகினார்.

கறுப்பு. நேராக, மையில் கோடு இழுத்தது போல. ஒரு பிசிறு இல்லை.

அவர் சந்தோஷப்படுவார் என்று இசக்கி எதிர்பார்த்தாள். அவர் தன் பைக்குள் கை விட்டார். சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த பழைய படத்தை எடுத்தார். அதை இடது ஓரத்தில் செருகினார். ஓர் அடி பின்னால் வந்து நின்றார்.

இரண்டு கோடுகள். இரண்டும் கறுப்பு. எது எதுவென்று இடம் மாற்றி வைத்தால் அவருக்கே தெரியாது.

"என்ன டாக்டர், கறுப்பா வெள்ளையா?" என்றாள் இசக்கி கதவருகிலிருந்து.

"கொஞ்சம் வெளிய இரு தாயி."

அவள் போனாள். தாழ்வாரத்தில் ஒற்றைக்காலில் குதிக்கும் சத்தம் கேட்டது. எந்தக் காலென்று அவருக்குத் தெரியும். கையால் பிடித்துப் பார்த்தாயிற்று. நின்றது. அது அன்றைக்கும்தான் நின்றது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் மைதானத்துக்குள் இறங்குவாள். எதிராளிகள் ஏழு பேர் அந்தக் காலைப் பிடித்து இழுப்பார்கள்.

"அம்மா," என்றார். "எனக்குச் சொல்ல வர மாட்டேங்குது."

ஜைத்தூன் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

"இது செத்திருந்தப்ப எடுத்த படம். இது இப்ப எடுத்தது. பதில் வரலைன்னா கறுப்புன்னீங்க. ஏன் வரலைன்னு அது சொல்லாதுன்னீங்க. சரி. ஆனா அந்தக் கறுப்பும் இந்தக் கறுப்பும் ஒரே கறுப்பா இருக்கே. எவ்வளவு நேரம் பாத்தாலும் ஒரே கறுப்பா இருக்கே." விரலை ஒரு படத்திலிருந்து மற்றதுக்கு நகர்த்தினார். "வெளியருந்து பாக்கறவன், இதுல எது வெறும் கயிறு, எது உயிரோட இறுகி நிக்குதுன்னு எத வச்சும்மா சொல்லுவான்?"

ஜைத்தூன் குனிந்து மேசையின் அடியிலிருந்த அலமாரியைத் திறந்தார். உறையைத் தட்டித் தூசி நீக்கினார். அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சப் பெட்டிக்கு வந்து, இரண்டு கறுப்புப் படங்களுக்கும் நடுவே செருகினார். வெளுத்து, உப்பி, பஞ்சு போலிருந்த அந்த முழங்கால் இருவர் முகத்திலும் வெளிச்சம் போட்டது.

அருமைநாயகம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இத வச்சுத்தான் சார்," என்றார் ஜைத்தூன். "நடுவில இது இல்லைன்னா, அந்த ரெண்டும் ஒண்ணுதான்."